பிறர் துயரைப் பாடுதல்: கிராம் பார்சன்சின் முதல் இசைத்தட்டு

உழைப்போரின் பாடலை உழையாதவன் பாடலாமா என்னும் வினா, மக்களிசை பற்றிய விவாதங்களிற் பலகாலும் எழுவது. கிராம் பார்சன்ஸ் தமது பெயரில் வெளியிட்ட முதல் இசைத்தட்டாகிய ‘ஜீ.பீ.’ (1973) அவ்வினாவைத் தவிர்க்கவியலாததாக்குகின்றது.

பார்சன்ஸ் 1946இல் புளோரிடாவிற் பிறந்தவர். தாயின் தந்தை தோடம்பழத் தோட்டங்களாற் பெருஞ்செல்வம் ஈட்டியவர்; பெயரனோ ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் சிலகாலம் இருந்துவிட்டுப் பாடப் புறப்பட்டார். கன்றி இசை அக்காலத்தில் தென்மாநில வெள்ளையின உழைப்பாளரின் இசையாகக் கருதப்பட்டது. வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர் பலருக்கு அது பிற்போக்கின் குரலாகவே கேட்டது. அவ்விளைய தலைமுறையினருள் ஒருவராக நின்றே, 1968இல் பேர்ட்ஸ் குழுவோடும் மறு ஆண்டில் பிளையிங் பறிற்றோ பிறதர்ஸ் குழுவோடும், அவ்விசையை றொக் இசையினுட் புகுத்தினார் பார்சன்ஸ்.

‘ஜீ.பீ.’யில் றொக் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கின்றது. பிடிலும் பெடல் ஸ்ரீல் கிற்றாரும் முன்னிற்கின்றன. எல்விஸ் பிறெஸ்லியின் மேடைக் கலைஞரான ஜேம்ஸ் பேர்ட்டன் முதலியோர் பக்கம் வாசிக்கின்றனர். (தயாரிப்பாளராக நாடப்பட்ட மேர்ல் ஹகாட் விலகிக்கொண்டமை தட்டுக்குக் கேடாயிற்று எனக் கூறுவதற்கில்லை.)

‘பால்ரிமோர் வீதிகள்’ என்னும் பாட்டு அவர் இயற்றியதன்று. 1966இல் பொபி பெயார் பாடிப் புகழ்பெற்றது. மனைவியின் விருப்பிற்காகப் பண்ணையை விற்று நகரேகிய ஒருவன், ஆலையில் உழைத்துக் களைத்து, நகர விளக்குகளை விட்டுவர மறுக்கும் அவளைப் பிரிந்து தனியே ஊர் திரும்புகின்றான். கிராமத்தை விட்டு ஆலை நகர்களுக்குப் பெயர்ந்த தென்னகத்தார் எத்தனையோ பேரின் கதை இது. பார்சன்ஸ் பண்ணை விற்றவருமல்லர், ஆலை கண்டவருமல்லர். எனினும் பாட்டு பொய்க்கவில்லை. காரணம் அவரது குரலின் வலிமையன்று, வலிமையின்மையே. உயர்சுரங்களில் நடுங்கி உடையும் அக்குரல் பாத்திரத்தை நடித்துக்காட்ட முயலாது, அவனருகே நின்று பேசுகின்றது. அன்று பரவலாக அறியப்படாதிருந்த எமிலூ ஹரிஸ் வேறு பாட்டுக்களில் உடன்பாடும்போது, அவரது உறுதியான குரல் அந்நடுக்கத்தைத் தாங்கிக்கொள்கின்றது. தட்டின் உயிர்நிலை அவ்விடங்களிலேயே உள்ளது.

கிறிஸ் எதிறிஜ்ஜுடன் சேர்ந்து இயற்றிய ‘அவள்’ வேறுவகைப்பட்டது. பருத்தி நாட்டு வயலில் அடிமைபோல் உழைக்கும் பெண்ணொருத்தியின் பாட்டுத்திறனையும் இறைபற்றையும் அது வியக்கின்றது. அவளது நிறம் வெளிப்படக் கூறப்படவில்லையாயினும், கறுப்பினப் பெண் என்றே பலரும் கொள்வர். மெட்டு அழகியது. ஆனால் அவ்வயல் யாருடையது என்று பாட்டு கேட்கவில்லை. தோட்டக்காரரின் பெயரன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பிறர் இயற்றிய பாட்டில் வாழ்க்கையைத் தொட்டவர், தாமே இயற்றிய பாட்டில் வியப்போடு நின்றுவிடுகின்றார்.

தட்டு விற்பனைப் பட்டியலில் இடம்பெறவில்லை. அவ்வாண்டு செப்டெம்பர் 19இல், தமது 26ஆவது வயதில், பார்சன்ஸ் காலமானார். இரண்டாவது தட்டு 1974இல் வெளிவந்தது. அதில் ஹரிசின் குரலுக்கு இன்னும் கூடுதலான இடம் கிடைத்தது.