நள்ளிரவிற்கு ஒதுக்கப்பட்ட இசை

சோதனை இசையைப் பற்றி நம்மவரிடையே இரு கட்சிகள் உண்டு. அது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு. உழைக்கும் மக்களுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை என்பது ஒரு கட்சி. கலைஞன் தன் மனம்போற் செய்வான், காதுள்ளவன் கேட்கட்டும் என்பது மற்றது. இவ்விரு கட்சியாரும் கேளாது விடும் கேள்வி ஒன்றுண்டு. அவ்விசை யாருடைய பணத்தில், எந்த நேரத்தில் ஒலித்தது? ஐரோப்பாவைப் பொறுத்தவரை, பெரும்பாலும் பொதுமக்கள் செலுத்திய வானொலிக் கட்டணத்தில், அம்மக்களுள் அநேகர் உறங்கும் வேளையில் என்பதே விடை.

மேற்கு ஜெர்மனியின் கொலோன் நகரை எடுத்துக்கொள்வோம். யுத்தத்தின் பின்னர் அந்நகர வானொலியின் பின்னிரவு இசை நிகழ்ச்சியைப் பொறுப்பேற்று நடத்தியவர் ஹெர்பெர்ட் ஐமெர்ட். 1951 ஒக்டோபர் 18ஆம் நாளிரவு மின்னணு இசையின் ஒலியுலகம் பற்றியதோர் ஒலிபரப்பு அந்நிகழ்ச்சியில் இடம்பெற்றது. அதற்கெனத் தனிக் கலையகம் ஒன்றை நிறுவும் முடிவும் அன்றைய தினமே எட்டப்பட்டது. அங்கே சேர்க்கப்பட்ட அலையியற்றிகளும் ஒலிநாடாப் பொறிகளும் சங்கீத வித்துவான்களுக்கெனச் செய்யப்பட்டவையல்ல. அவற்றுட் பல பொறியியலாளர் அளவைக்கும் சோதனைக்கும் வைத்திருந்த சாதனங்கள். இதற்குப் பணமளித்தோரின் நோக்கம் கலைப்பற்று மட்டுமே என்று நாம் கருதவில்லை. நாஜிகள் இழிந்தது என்று ஒதுக்கிய நவீன கலையைப் போற்றுவது புதிய அரசுக்கு ஒரு நற்சாட்சிப் பத்திரமாகவும் பயன்பட்டது. எனினும், ஒரு விதை எத்தகைய எண்ணத்தோடு ஊன்றப்பட்டது என்பதைக்கொண்டு மரத்தின் கனியை மதிப்பிடுவது விமர்சனமாகாது.

அக்கனிகளுள் தலையாயது கார்ல்ஹைன்ஸ் ஸ்டொக்ஹவுஸனின் ‘இளைஞர்களின் கீதம்’. 1956 மே 30ஆம் நாள் அது முதன்முதலாக அரங்கேறிற்று. விவிலியத்தின் தானியேல் நூலைச் சார்ந்த துதிமொழிகளைப் பாடும் ஒரு சிறுவனின் குரல் அதில் வெட்டப்பட்டும் அடுக்கப்பட்டும் சிதறடிக்கப்பட்டும் மின்னொலிகளோடு கலக்கின்றது. சில கணங்களில் சொல் தெளிவாகக் கேட்கும். மறுகணம் அது வெறும் ஒலியாகக் கரைந்துவிடும். தீச்சூளையிலே நின்று பாடுவோரின் குரல் அணையுமோ, நிற்குமோ என்ற தவிப்பு ஏறத்தாழப் பதின்மூன்று நிமிடம் நீடிக்கின்றது. இயந்திரம் மனிதக் குரலை விழுங்கிவிட்டது என்று இதனைப் பழிப்போர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டவரல்லர் என்பது நம் துணிபு.

அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் அக்குரல் புடாபெஸ்ட் நகரில் கேட்டது. மூன்று நாட்களுக்கு முன்னரே சோவியத் டாங்கிகள் ஹங்கேரியின் எழுச்சியை நசுக்கத் தொடங்கிவிட்டன. வெடியோசைகளுக்கிடையே வானொலிப் பெட்டியருகிலிருந்து அதைக் கேட்டவர் கியோர்கி லிகெட்டி, வயது முப்பத்துமூன்று, இசைக் கழகத்தில் ஆசிரியர். அவருடைய தந்தையும் தம்பியும் நாஜி முகாம்களில் மாண்டவர்கள். பாசிசத்திலிருந்து தம்மை விடுவித்ததென்று கூறிய அரசோ பார்ட்டொக்கின் நவீனப் படைப்புகள் சிலவற்றையே ஒலிக்கவிடாது தடுத்தது. ‘இரவின் உருமாற்றங்கள்’ என்று லிகெட்டி பெயரிட்ட தந்தி நால்வரிசை 1954 அளவில் நிறைவெய்தியும் தாய்நாட்டில் அரங்கேற வழியின்றிக் கிடந்தது. 1958இல் வியன்னாவிலேதான் அது முதன்முதலாக இசைக்கப்பட்டது.

முற்போக்காளர் எனப்படும் நாம் இவ்விடத்திற் கண்களை மூடிக்கொள்ளலாகாது. 1948 பெப்ரவரியில் சோவியத் கட்சியின் மத்திய குழு உருவவாதம் என்ற குற்றச்சாட்டின் பேரில் ஷொஸ்டகோவிச், புரொகோஃபியெவ் போன்றோரைக் கண்டித்தது. பத்தாண்டுகளின் பின், 1958 மேயில், அத்தீர்ப்புகளுட் சில நியாயமற்றவை என்று அக்குழுவே ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் எழுதப்படாமற் போன இசையை எந்தத் தீர்மானம் திருப்பித் தரும்? லிகெட்டி 1956 டிசம்பரில் எல்லை கடந்தார். 1957இல் கொலோனை அடைந்து அதே கலையகத்திற் பணியாற்றினார். அங்கு பெற்ற அனுபவத்தை வாத்தியக் குழுவுக்குக் கொண்டுசென்று 1961இல் அவர் படைத்ததே ‘வளிமண்டலங்கள்’. மெட்டும் தாளக்கட்டும் கரைந்து, ஒலியே மேகமாகத் திரண்டு நகரும் அப்படைப்பு அந்த நூற்றாண்டின் பெருஞ் சாதனைகளுள் ஒன்று.

இரவுக்கென்று ஒரு பௌதிக நியாயமும் உண்டு. பகலில் மத்திய அலைகளை உறிஞ்சும் வளிமண்டலப் படை சூரியன் மறைந்ததும் வலுவிழக்க, அவ்வலைகள் மேலே தெறித்து நெடுந்தூரம் செல்லும். எல்லைக் காவலருக்கு அலையைச் சோதிக்கும் வகை தெரியாது. (1952இல் இந்திய வானொலி திரைப்பாடல்களைக் குறைத்தபோது அந்நாட்டு நேயர்கள் இலங்கை வானொலியை நாடிய கதையை நம்மவர் அறிவர். அது சிற்றலை, தடுக்கப்பட்டதும் சோதனை இசையன்று. ஆயினும் பாடம் ஒன்றே.)

ஆனால் பௌதிகத்தின் மீது முழுப் பழியையும் போட இயலாது. ரூர் பிரதேசத்து நிலக்கரித் தொழிலாளி செலுத்திய கட்டணமும் கொலோன் கலையகத்திற்குச் சென்றது. விடியலில் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டியவன் நள்ளிரவில் எதைக் கேட்பான்? இராமுறை வேலை செய்தவனோ அந்நேரம் நிலத்தின் கீழிருந்தான். ‘அவனுக்கு விளங்காது’ என்று முடிவு செய்தவர்கள் அவன் காதில் அதை ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை.

பிரித்தானியாவில் இதே பின்னிரவு வேறொரு வகையிற் பயன்பட்டது. கடலில் நின்ற கப்பல் வானொலியொன்றில் நள்ளிரவு முதல் இரண்டு மணிவரை தன் விருப்பம்போல் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டவர் ஜோன் பீல். 1967 ஓகஸ்டில் சட்டம் அக்கப்பல்களின் வாயை அடைத்தபின் பி.பி.ஸி.யின் முதலாம் வானொலியிற் சேர்ந்து, 2004இல் இறக்கும்வரை அங்கே பணியாற்றினார். பங்க், ரெகே, விசித்திரக் கவிதை, சிம்பாப்வேயின் பண்டு பாய்ஸ் குழுவினரின் கித்தார் என்று யாவும் அவர் நிகழ்ச்சியில் அடுத்தடுத்து வந்தன. இசைத்தட்டைப் பிழையான வேகத்திற் சுழலவிட்டு மன்னிப்புக் கேட்பதும் அவர் வழக்கம்! தாம் விரும்பியதற்கு அருகில் தாம் அறியாததைக் கேட்க நேயர்கள் பழகினர். குறையும் உண்டு. ஷோனா மொழியில் அப்பாடகர் என்ன பாடினர், 1980இல் விடுதலையடைந்த அத்தேசம் எதைக் கொண்டாடிற்று என்பவை அந்த அவசரத்திற் காற்றோடு போயின. வரலாறு கழன்ற ஒலி வெறும் ருசியாகிவிடும் அபாயம் எல்லாக் கதம்ப நிகழ்ச்சிகளுக்கும் உரியது.

பி.பி.ஸி.யின் மூன்றாம் வானொலி 1999இல் தொடங்கிய ‘லேட் ஜங்ஷன்’ என்னும் இரவு நிகழ்ச்சி, நாட்டார் பாடலையும் மின்னணு இசையையும் ஒரே பந்தியில் அமர்த்தியது. வாரத்தில் மூன்றிரவு ஒலித்த அதனை, நிதி நெருக்கடியைக் காட்டி, 2019இல் வெள்ளியிரவு ஒன்றுக்குக் குறுக்கினர். நூற்றுக்கணக்கான இசைக் கலைஞர்கள் கையொப்பமிட்டு எதிர்த்தும் பயனில்லை. கொலோனிலே தொழிலாளிக்கு எட்டாத நேரத்தில் வைக்கப்பட்ட இசைக்கு, இப்போது அந்த நேரமும் மிகையென்று கணக்கர் தீர்த்தனர்.

இன்றுதான் எதையும் எந்நேரமும் கைத்தொலைபேசியிற் கேட்கலாமே என்பர் சிலர். நம்மிடம் பயிலும் உயர்தர வகுப்பு மாணவர் அவ்வாறுதான் கேட்கின்றனர். நேற்றுக் கேட்டதையொத்த பாடலையே அக்கருவி இன்றும் எடுத்து நீட்டுகின்றது. லிகெட்டியின் பெயரை அவர்களுள் ஒருவரேனும் கேள்விப்பட்டிருக்கவில்லை. வகுப்பிலே ‘வளிமண்டலங்க’ளைக் கேட்பித்தபோது முதலிற் சிரிப்பொலி எழுந்தது, நான்காம் நிமிடமளவில் அடங்கிற்று. பாடவேளை முடிந்தபின் இருவர் வந்து அதனைத் திரும்பவும் கேட்கலாமா என்றனர்.