அந்தரத்தில் ஒரு கை

மறைந்துபோன ஆளை எப்படி வரைவது? இரும்புக்கை மாயாவியை வரைந்த ஜீசஸ் பிளாஸ்கோவுக்கு வாராவாரம் இதே தலைவலிதான். பார்சிலோனாக்காரர். 1962 அக்டோபரில் லண்டனில் 'வேலியன்ட்' வார இதழ் தொடங்கியபோது முதல் இதழிலேயே வந்த தொடர் இது. ஆய்வகத்தில் உதவியாளனாக இருக்கும் லூயிஸ் க்ராண்டேலுக்கு விபத்தில் வலக்கை போய், எஃகுக் கை பொருத்துகிறார்கள். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான். கை மட்டும் மறையாது.

அந்தரத்தில் வெறும் கை தொங்கினால் பார்ப்பவருக்குச் சிரிப்புத்தான் வரும். பிளாஸ்கோவின் கையைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. மணிக்கட்டின் சாய்வைக் கொண்டே ஆள் குனிந்திருக்கிறானா, ஓடுகிறானா, சுவரோடு ஒட்டி நிற்கிறானா என்று தெரிந்துவிடும். முழங்கையையும் தோளையும் நாமே வரைந்துகொள்வோம். சுற்றிலும் இருக்கும் மேஜை, விளக்கு, படிக்கட்டு, கோட்டின் மடிப்பு எல்லாம் அச்சு அசலாக இருக்கும். இத்தனை மெய்க்கு நடுவே அந்த ஒரு பொய்யை நம்பாமல் என்ன செய்வது? கறுப்பு மையை அவர் தாராளமாக விடுவார். பாதி அறை இருட்டு, மீதியில் ஒரு துப்பாக்கி, அதைப் பிடித்த உலோக விரல்கள்.

சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கி 1972 ஜனவரியில் போட்ட முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'தான். லண்டன் பையன் வாரத்துக்குச் சில பக்கம் என்று காத்திருந்து படித்த கதை, நம் பையனுக்கு முழுசாக ஒரே புத்தகத்தில் கிடைத்தது. வாராவாரம் முடிவில் வைத்த திருப்பங்கள் இங்கே அடுத்தடுத்து வந்து விழும். அதனால்தான் தமிழில் அந்தக் கதைகளுக்கு அப்படியொரு மூச்சிரைப்பு. நாலு பக்கம் போவதற்குள் யாராவது மாடியிலிருந்து விழுவார்கள், அல்லது எதுவாவது வெடிக்கும். 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்', 'உறைபனி மர்மம்' என்று தலைப்புகளிலும் அதே வேகம்.

எங்கள் அம்பத்தூர், ஆவடிப் பக்கம் இந்தக் கைக்குக் கூடுதல் மவுசு இருந்திருக்க வேண்டும் என்பது என் நினைப்பு. 1964இல் வந்த தொழிற்பேட்டை, அதற்கு முன்பே இருந்த டி.ஐ. சைக்கிள் கம்பெனி, அந்தப் பக்கம் ஆவடி டாங்கி ஃபேக்டரி என்று ஷிப்ட் சங்குக்கு எழுந்த ஊர்கள் இவை. பவர் ப்ரெஸ்ஸில் விரலைக் கொடுத்த யாராவது ஒருவர் எல்லாத் தெருவிலும் இருந்தார். சூப்பர்மேன் வேற்றுக்கிரகத்தான், பேட்மேன் கோடீஸ்வரன். மாயாவியோ வேலை செய்த இடத்தில் கையை இழந்தவன். சக்தி வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் ஷாக் அடித்துக்கொள்ள வேண்டும், அதுவும் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். போதாததற்கு ஆரம்பத்தில் ஆள் அயோக்கியன். சக்தி கிடைத்த உடனே திருடத்தான் கிளம்புகிறான், நிழல் படை என்ற ரகசிய அமைப்பில் சேர்ந்து உளவாளியாவதெல்லாம் பிறகு.

1984இல் லயன் காமிக்ஸ் வந்து ஸ்பைடர் என்ற இன்னொரு நாயகனைக் கொடுத்தபோது பையன்கள் இரண்டு கட்சியானார்கள். கூர்க்காது, வலைத் துப்பாக்கி, தாங்க முடியாத தலைக்கனம். அவனும் கொள்ளைக்காரனாகத் தொடங்கியவன்தான். அந்தத் தொடரைப் பின்னால் எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பது இங்கே பலருக்கும் வெகுகாலம் கழித்தே தெரிந்தது. அதை வரைந்த ரெஜ் பன்னின் நுணுக்கமான கோடுகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஸ்பைடர் கதையில் வாசகனுக்கு வேலை இல்லை, எல்லாவற்றையும் அவனே பீற்றிக்கொண்டு சொல்லிவிடுவான்.

அறுபதுகளின் பின்பாதியில், அமெரிக்கக் காற்று அடித்ததாலோ என்னவோ, மாயாவிக்கும் கொஞ்ச காலம் முகமூடியும் தனி உடுப்பும் மாட்டிவிட்டார்கள். அந்தப் பக்கங்களை நான் வேகமாகத் தள்ளிவிடுவேன். மறைந்துபோகிறவனுக்கு எதற்கு வேஷம்?