சப்வூஃபருக்கு ஏற்ற ஸ்தானம்

மடவளை பஸாரிலும் கண்டி நகரத்துக் கடைகளிலும் சப்வூஃபர் வாங்கப் போகிறவர்கள் வாட் எத்தனை, கூம்பு எத்தனை அங்குலம், விலை எவ்வளவு என்று விசாரிக்கிறார்களேயன்றி, அந்தப் பெட்டியை வீட்டில் எந்தச் சுவரோரம், எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்று விசாரிப்பவர்களை நான் கண்டதில்லை. ஆயினும், ஒரே பெட்டியை ஒரே ஹோலுக்குள் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பரிசோதித்த பிறகு, இரட்டிப்பு விலையுள்ள இன்னொரு பெட்டியால் விளையும் நன்மையைவிட, இடத்தைச் சரியாகத் தெரிவு செய்வதால் விளையும் நன்மையே பெரிதென்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டது பத்தங்குலக் கூம்பும், முன்பக்கத்தில் காற்றுத் துவாரமும், உள்ளேயே அம்ப்ளிஃபயரும் கொண்ட ஒரு சாதாரண சப்வூஃபர். ஹோல் 5.2 மீற்றர் நீளமும் 3.6 மீற்றர் அகலமும் உடையது. சுவர்கள் கல்லால் எழுப்பிச் சிமெந்து பூசியவை, தரை டைல்ஸ். அமெரிக்க நூல்கள் அனுமானித்துக்கொள்ளும் மரச்சட்டச் சுவர்கள் பேஸின் ஒரு பங்கைத் தாமே உறிஞ்சிக்கொள்ள, நம்முடைய சுவர்களோ வந்ததை ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆகவே அந்த நூல்களில் சிறு குறையாகச் சொல்லப்படுவது நமது வீடுகளில் பெருங்குறையாகிவிடுகிறது.

சப்தம் ஒரு வினாடிக்குச் சுமார் 345 மீற்றர் தூரம் செல்வதால், 5.2 மீற்றர் நீளத்தில் 33 ஹேர்ட்ஸ் சுருதியும், 3.6 மீற்றர் அகலத்தில் 48 ஹேர்ட்ஸ் சுருதியும் இரு சுவர்களுக்கிடையே நின்று அதிரத் தொடங்கும் என்பது வெறும் வகுத்தற் கணக்கு. இந்த நிலையான அதிர்வுகள் சுவரோரத்தில் உச்சமாகவும், அறையின் நடுக்கோட்டில் அநேகமாகச் சூன்யமாகவும் இருக்கும். பெட்டியை மூலையில் வைத்தபோது மூன்று பேர் அமரும் சோபாவில் இதைக் கண்கூடாகக் கண்டேன்: சுவரோரம் அமர்ந்தவருக்கு 48 ஹேர்ட்ஸ் நெஞ்சை அழுத்த, நடுவில் அமர்ந்தவருக்கு அதே ஓசை இருந்த சுவடே தெரியவில்லை. ஒரே படம், ஒரே வால்யூம். இருவரும் கேட்டதோ வேறு வேறு. பெட்டியை டீவியின் கீழே, முன்சுவரின் சரிநடுவுக்குக் கொண்டுவந்தவுடன், அகலவாட்டு அதிர்வைத் தூண்டும் வலிமை அதற்கு இல்லாது போகவே, மூன்று இருக்கைகளும் அநேகமாகச் சமமாயின. மூலை தருகின்ற உரத்த பேஸ் இங்கே இல்லை என்பது மெய்தான். ஒவ்வொரு சுவரும் 6 டெசிபல் வரை கூட்டித்தரக்கூடியது, அதில் ஒரு பங்கை இழக்கிறோம். இந்த இழப்பை நான் மனமுவந்து ஏற்கிறேன்.

ஏன் என்பதைக் கண்டியின் எசல பெரஹரா ஊர்வலமே சொல்லிவிடும். தலதா வீதியோரம் நின்று மேளத்தைக் கேட்டவருக்கு ஒவ்வோர் அடியும் விழுந்த கணத்திலேயே முடிந்துவிடுவது ஞாபகமிருக்கும்; வெட்டவெளியில் ஓசையைத் தேக்கிவைக்கச் சுவர்கள் இல்லை. பெரஹரா ஒலிப்பதிவொன்றை மூலைப் பெட்டியில் ஒலிக்கவிட்டபோது ஓர் அடியின் வால் அடுத்த அடியின் தலையில் ஏறிக்கொண்டது. முன்சுவர் நடுவிலோ அடிகள் பிரிந்து நின்றன. அதிகப் பேஸ் வேறு, நல்ல பேஸ் வேறு என்பதற்கு இதைவிடத் திடமான சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

காதை மட்டும் நம்பாமல், மினிடிஎஸ்பியின் யூமிக்-1 மைக்கையும், ஜான் மல்காஹி ஆக்கிய ரூம் ஈக்யூ விசார்ட் செயலியையும் துணைகொண்டேன். செயலி அடிப்படைப் பிரயோகத்துக்கு இலவசம். மைக் ஒவ்வொன்றுக்கும் அதன் இலக்கத்துக்குரிய திருத்தக் கோப்பு தனியே கிடைக்கிறது. ஓசை எவ்வளவு நேரம் தேங்கி மறைகிறது என்பதைக் காட்டும் செயலியின் நீர்வீழ்ச்சி வரைபடம்தான் இதில் பொக்கிஷம். முதலில் மிரட்டினாலும் பழகிவிடும். மைக் வாங்க வசதியில்லாதவர் பெட்டியைத் தாம் அமரும் இடத்தில் வைத்துவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து, பேஸ் சீராகக் கேட்கும் இடத்தைத் தேடலாம். ஒலி பிறக்கும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றினாலும் பலன் மாறாது என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் காட்டிய தத்துவமே இதற்கு ஆதாரம்.

இனித் திசை. கூம்பை நம்மைப் பார்க்கவும், சுவரைப் பார்க்கவும், பக்கவாட்டிலும் திருப்பி அளந்ததில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே கோடு அசையவேயில்லை எனலாம். 80 ஹேர்ட்ஸின் அலை 4.3 மீற்றர் நீளம்; 25 சென்டிமீற்றர் கூம்புக்கு முன் அது திசையறியாமல் எங்கும் பரவிவிடுகிறது. துவாரம் சுவரோடு ஒட்டி அடைபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் நம் மலைச்சரிவு வீடுகளில் மேல்மாடியில் வைப்போருக்கு ஒரு வார்த்தை: தரையைப் பார்த்து ஒலிக்கும் வகைப் பெட்டியில் கூம்பின் எதிர்விசை கொங்கிரீட் தட்டை நேராக உதைக்கிறது, முன்னோக்கிய பெட்டியில் அது தரைக்குச் சமாந்தரமாகவே செல்கிறது. இஷாத் தொழுகைக்குப் பிறகு கீழ்வீட்டார் உறங்கவேண்டுமானால் முன்னோக்கியதே உத்தமம்.

பெட்டியை முன்சுவர் நடுவில் வைத்த பின்பும் நீளவாட்டு 33 ஹேர்ட்ஸ் மட்டும் அடங்கவில்லை. பின்சுவரோடு ஒட்டிய சோபாவில் அது ஓங்கி ஒலித்தது. சோபாவை ஒன்றரை மீற்றர் முன்னே இழுத்ததும் நன்கு தணிந்தது. ஹோலின் நடுவே சோபா நிற்பதை வீட்டார் விரும்பாதது நியாயமே. இதற்கு ஹர்மன் நிறுவனத்து டொட் வெல்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வு வழிகாட்டுகிறது: எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரு பெட்டிகள் நின்றால், இரண்டும் அந்த அதிர்வை எதிர்மாறாகத் தூண்டி ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே, அடுத்து வாங்குவது பன்னிரண்டு அங்குலப் பெட்டியன்று, இதே பத்தங்குலத்தில் இன்னொன்று. அதைப் பின்சுவர் நடுவில் நிறுத்தினால், சோபாவைப் பெட்டியின் கனத்துக்கு மட்டும் இடைவெளி விட்டுப் பின்னே தள்ளிக்கொள்ளலாம், பிள்ளைகள் ஓடியாட இடமும் மிஞ்சும்.