நோயர் சூழற்குறிப்பு ஆய்வுகளும் அறிக்கைநெறியும்: முத்துக்குளித்துறையை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கற்பனை நோயர் ஒருவரைப் பற்றிய சிறு விவரிப்பை மருத்துவரிடம் அளித்து, அவர் எடுக்கும் முடிவைப் பதிவுசெய்வது சூழற்குறிப்பு முறையாகும். 'விக்னெட்' எனவும் வழங்கப்படும் இம்முறையில் அமைந்த ஆய்வுகள் எவற்றைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்பதை, தூத்துக்குடிக் கடற்கரைச் சூழலைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சூழற்குறிப்பு, அறிக்கைநெறி, மூலபாடம், முத்துக்குளித்துறை, மருத்துவர் முடிவு.

முன்னுரை

மருத்துவச் சோதனைகளை அறிவிக்கும் முறையைக் 'கன்சார்ட்' நெறி 1996இலும், நோக்கீட்டு ஆய்வுகளை அறிவிக்கும் முறையை 'ஸ்ட்ரோப்' நெறி 2007இலும் வகுத்தன. சூழற்குறிப்புச் சோதனை இவ்விரண்டிலும் முழுமையாகப் பொருந்துவதில்லை. இங்கு மாற்றப்படுவது மருந்து அன்று, சொல். ஒரே மருத்துவர் பல குறிப்புகளுக்கு விடையளிப்பதும் உண்டு. ஆகவே பொதுநெறிகளைப் பின்பற்றியதாகக் கூறும் அறிக்கையிலும் ஆய்வின் உயிர்ப்பகுதி விடுபடக்கூடும்.

முரண்படும் இரு முடிவுகள்

அமெரிக்காவில் பீபாடி குழுவினர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பயிற்சிபெற்ற போலி நோயரைக் கொண்டு அளந்தபோது சிகிச்சைத்தரம் 76.2 விழுக்காடாகவும், சூழற்குறிப்பால் அளந்தபோது 71.0 விழுக்காடாகவும் இருந்தது. இரு அளவுகளும் நெருங்கியே நின்றன. பீகாரின் ஊர்ப்புறங்களில் மோகனன் குழுவினர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. குழந்தையின் வயிற்றுப்போக்கு பற்றிய குறிப்பைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் உப்புச்சர்க்கரைக் கரைசல் தருவதாகக் கூறினர். போலி நோயர் நேரில் வந்தபோது அதைத் தந்தவர் சிலரே.

முதல் ஆய்வு குறிப்பை நம்பத்தக்க அளவுகோலாக்குகிறது. இரண்டாவது, அறிவுக்கும் செயலுக்கும் இடையிலான பிளவைக் குறிப்பு மறைக்கக்கூடும் என எச்சரிக்கிறது. நாடு, மருத்துவரின் பயிற்சி, நோய், குறிப்பு வழங்கப்பட்ட விதம் ஆகியவற்றுள் எது இவ்வேறுபாட்டை விளைத்தது? அனைத்தும் அறிவிக்கப்பட்டால்தான் இவ்வினாவை எழுப்பவே இயலும்.

கடற்கரையில் ஒரு பெயர்

பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைப் பரதவர் கத்தோலிக்கம் தழுவியபோது போர்த்துகீசியக் குடும்பப்பெயர்களும் உடன் வந்தன. நோயரின் சமயம் மருத்துவரின் முடிவைப் பாதிக்கிறதா என அறிய, ஒரு குறிப்பில் 'முருகன்' என்றும் மற்றொன்றில் 'பெர்னாண்டோ' என்றும் பெயரை மட்டும் மாற்றுவதாகக் கொள்வோம். தூத்துக்குடியில் பணிபுரியும் மருத்துவருக்குப் பின்னைய பெயர் சமயத்தோடு சமூகத்தையும், கடலோர வாழிடத்தையும், மீன்பிடி அல்லது சங்குகுளிப்புத் தொழிலையும் உணர்த்தக்கூடும். மூட்டுவலியும் கைகால் மரத்துப்போதலும் கூறப்பட்டிருப்பின், ஆழ்கடலிலிருந்து விரைந்து மேலேறுவதால் வரும் அழுத்தக் குறைவு நோயை அவர் ஐயுறலாம். அது சமயச் சார்பு அன்று, முறையான மருத்துவ ஊகம். பெயரின் விளைவைச் 'சமயத்தின் விளைவு' என அறிக்கை எழுதினால் அது பிழையான முடிவாகும். இக்குழப்பத்தைத் தவிர்க்கத் தொழிலையும் வாழிடத்தையும் இரு குறிப்பிலும் ஒன்றாக வரையறுத்துக் கூறுதல் வேண்டும்.

நம்பகத்தன்மையும் இவ்வாறே. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961இல் இறுதியாக நிகழ்ந்தது, சங்குகுளிப்பு தொடர்கிறது. இன்றைய நோயரை 'முத்துக்குளிப்பவர்' என எழுதினால், உள்ளூர் மருத்துவர் அதைக் கதையாகவே படிப்பார்.

மொழிபெயர்ப்பில் மறையும் நோய்

'மயக்கம்' என்னும் சொல் தலைசுற்றலையும் நினைவிழப்பையும் ஒருங்கே சுட்டும். உப்பளத் தொழிலாளி ஒருவர் "மயக்கமா வருது" என்கையில், எது என வினவித் தெளிவது மருத்துவரின் திறன். ஆங்கிலக் குறிப்பில் இதற்கு ஈடாக ஏதேனும் ஒரு சொல்லை ஆய்வாளர் தேர்ந்தாக வேண்டும். தேர்ந்த கணமே மருத்துவர் செய்யவேண்டிய வேலையில் ஒரு பகுதியை ஆய்வாளரே செய்துவிடுகிறார். "நெஞ்சு கரிக்குது", "வாயு பிடிச்சிருக்கு" போன்ற முறையீடுகளும் அத்தகையனவே. மூலத் தமிழ்ப் பாடத்தைத் தராத அறிக்கையில் இவ்விழப்பை எவரும் காண இயலாது.

தமிழ்ப் பதிப்பு மரபு இதற்கு வழிகாட்டுகிறது. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளின் அடிக்குறிப்பில் பாடவேறுபாடுகளைத் தந்தார். படிப்போர் அவர் கொண்ட பாடத்தை ஏற்கவோ மறுக்கவோ அது இடமளித்தது. சூழற்குறிப்பின் மாற்றுவடிவங்களும் அவ்வாறே முழுமையாக வெளியிடத்தக்கன.

முடிவுரை

இவ்வகை ஆய்வறிக்கையில் குறைந்த அளவு ஐந்து செய்திகள் இடம்பெறுதல் இன்றியமையாதது: எல்லாக் குறிப்புகளின் முழுப் பாடமும் மொழிபெயர்ப்பும், குறிப்பை எழுதியோர், முன்சோதித்தோர் விவரம், எக்குறிப்பு எவருக்கு, எவ்வரிசையில், எம்முறையில் வழங்கப்பட்டது என்பது, அழைக்கப்பட்டோர், விடையளித்தோர் எண்ணிக்கையும், ஒருவரே பலமுறை விடையளித்ததைக் கணக்கீட்டில் கையாண்ட விதமும், அளக்கப்பட்டது மருத்துவரின் கூற்றா செயலா என்னும் வெளிப்படையான வரையறை.

இவற்றுள் இறுதியானதே பெரும் விளைவுடையது. மருத்துவருக்கு அறிவு குறைவெனில் பயிற்சி தீர்வாகும். அறிந்தும் செய்யாரெனில் பயிற்சிக்குச் செலவிடும் பணம் பயன்தராது. இவ்வேறுபாட்டை மறைக்கும் அறிக்கை, கடலோர ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கு வரும் நோயருக்குத் தவறான தீர்வையே பெற்றுத்தரும்.