கும்பகோணத்தில் இரண்டு நாள்

கும்பகோணத்துக்கு இரண்டு நாள் யாத்திரை வகுப்போர் பலரும் கோயில்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதிலேயே சிரத்தை கொள்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், முதல் நாள் காலை முழுவதையும் தாராசுரத்துக்கே ஒதுக்கிவிட வேண்டும். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் கசகசாவும் கூடி மணக்கும் கடப்பாவை இட்லியின்மேல் தாராளமாக ஊற்றி உண்டு, பித்தளை டபராவில் நுரை ததும்பும் டிகிரி காப்பியையும் அருந்திவிட்டுப் புறப்படுவது உத்தமம். அங்கே 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் எழுப்பிய ஐராவதேசுவரர் ஆலயத்தில், ரதமாகவே சமைக்கப்பட்ட மண்டபத்தையும், காளையின் உடலைக் கையால் மறைத்தால் யானையாகவும், யானையின் உடலை மறைத்தால் காளையாகவும் தோன்றும்படி இரண்டுக்கும் ஒரே தலையை வைத்த சிற்பியின் அற்புத சாமர்த்தியத்தையும் நின்று நிதானித்துப் பார்க்க, நடை சாத்தும் நண்பகல் வரையிலான அவகாசமும் போதாது. மகாமகக் குளத்துக்கு மாலை போதும். மறுநாள், தேன்மெழுகில் உருவம் சமைத்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அவ்வெற்றிடத்தில் உலோகம் வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகளின் பட்டறைக்குப் போகலாம்.