நஞ்சியம்மாவின் சுருதியும் நிலமும்

2022 ஜூலையில் 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டன. சிறந்த பின்னணிப் பாடகி நஞ்சியம்மா. அட்டப்பாடி இருளப் பெண். படம், 2020இல் வந்த 'அய்யப்பனும் கோஷியும்'. உடனே ஒரு இசைக்கலைஞர் கிளம்பிவிட்டார். சுருதி பிடித்துப் பாடத் தெரியாதவருக்கு விருதா? ஒரு மாசம் டைம் கொடுத்தாலும் ஒரு சாதாரணப் பாட்டைப் பாடுவாரா?

யாருடைய சுருதி என்று நாம் கேட்டாகணும். இருளர் பாட்டு பொறையோடும் தவிலோடும் குழலோடும் நடக்கிறது. வட்டமாய்ச் சுற்றுகிற கால்தான் அங்கே தாளம். தம்புராவுக்கு முன்னால் சம்மணம் போட்டவர் கையிலிருக்கும் அளவுகோல், ஆடிக்கொண்டே பாடுகிறவளை எப்படி அளக்கும்? அவரை இந்தப் பாட்டை ஆடிக்கொண்டே பாடச் சொல்லி யாரும் பரீட்சை வைக்கவில்லை.

ஆதரித்தவர்கள் பேச்சும் எனக்கு உவப்பாயில்லை. 'வெள்ளந்தி', 'காட்டின் குரல்', 'ஆடு மேய்க்கும் பாட்டி'. படத்தின் நாயகர்களைத் தெரியுமா என்று கேட்டு, தெரியாது என்று அவர் சொன்னதையே விளம்பரமாக்கினார்கள். எம்.ஏ. தமிழில் நாட்டுப்புறவியல் தாளில் நான் படித்ததும் இதே கதைதான். பாடியவள் 'தகவலாளி', பாட்டு 'மக்களுடையது', சேகரித்தவர் பெயர் மட்டும் அட்டையில்.

'களக்காத்த' பாட்டின் சொற்கள் நஞ்சியம்மா எழுதியவை. மரம் பூத்த சேதி சொல்லிக்கொண்டே போகிற பாட்டில் திடுமென ஆகாய விமானம் வந்து நிற்கிறது. தலைக்கு மேலே பறக்கிற நவீனத்தைத் தன் பாட்டுக்குள் இழுத்துப் போட்டவள் எப்படி வெள்ளந்தியாவாள்? அட்டப்பாடியின் ஆசாத் கலா சங்கத்தோடு ஊர் ஊராய் மேடை ஏறியவர் அவர். விருதோ குரலுக்கு மட்டும்.

குன்னூர்ப் பக்கத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள் நான். எங்கள் நீலகிரியில் பிறக்கும் பவானி அட்டப்பாடிக்குள் போய்விட்டு மறுபடி தமிழ்நாட்டுக்கு வருகிறது. இருளர்களும் அப்படித்தான், கோத்தகிரிச் சரிவிலும் இருக்கிறார்கள், அங்கேயும் இருக்கிறார்கள். 1956இல் மாநில எல்லை போட்டவர்கள் அவர்களைக் கேட்டுப் போடவில்லை. அவர்கள் பாட்டு எங்களுக்குப் பாதி புரியும், பாதி புரியாது. இருளத்தைத் தமிழின் கொச்சை என்று சொல்லும் நம்மாட்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

2022 செப்டம்பர் 30 அன்று டெல்லியில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு விருதைக் கொடுத்தார். சந்தாலிப் பெண் கையிலிருந்து இருளப் பெண் கைக்கு. படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

நிலத்தின் சேதி அப்படி வரவில்லை. கணவர் குடும்பத்து நிலம் போலி ஆவணத்தால் பறிபோனது என்று நஞ்சியம்மா போராடிவருகிறார். பறிபோன பழங்குடி நிலத்தை மீட்க 1975லேயே கேரளத்தில் சட்டம் வந்தது. அமலாகாமல் கிடந்த அது போய், 1999இல் வேறு சட்டம் வந்தது. இரண்டு ஹெக்டேர் வரை வாங்கினவன் வைத்துக்கொள்ளலாம், பழங்குடிக்கு வேறெங்காவது மாற்று நிலம். பாட்டில் வரும் மரத்துக்கு மாற்று மரம் எங்கே நடுவார்களோ! அவருடைய நிலத்தைப் பற்றிச் செய்தி எழுதிய பத்திரிகையாளர் மீது 2023இல் வழக்குப் போட்டார்கள். சுருதி பற்றிக் கவலைப்பட்டவர்கள் யாரும் அப்போது வாய் திறந்ததாய் நான் பார்க்கவில்லை.