குகைக்கு வாடகை

நண்பர் ஒருவருக்குத் திருமணமாகி முப்பது வருடம் நிறைவதையொட்டி, உத்தியோகம் பார்க்கத் தொடங்கிவிட்ட பிள்ளைகள் இருவரும் தாய் தகப்பனைக் கிரேக்கத் தீவு ஒன்றுக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள். தீவு சந்தொரினி. தங்குவது ஐந்து நட்சத்திர ஹொட்டேல். எந்த ஹொட்டேல் என்பதில்தான் பிரச்சினை. விளம்பரக் கையேடுகளை மேசையில் பரப்பிவிட்டு, "நீங்கள் எழுத்து வாசிப்பு எண்டு திரியிற ஆக்கள்தானே, பாத்துச் சொல்லுங்கோ" என்றார்கள்.

கவிதைத் தொகுதிகளுக்கு விமர்சனம் எழுதும் நாம் இவற்றுக்கும் எழுதினால் என்ன என்று தோன்றியது. இவையும் பிரதிகள்தான். நம்மவர் பலர் கவிதைத் தொகுதிகளைவிட இவற்றைத்தான் கவனமாக வாசிக்கிறார்கள்.

முதலில் கண்ணில் படுவது படங்கள். வெள்ளைச் சுவர், நீலக் கடல், சிறியதொரு நீச்சல் தடாகம், அதன் விளிம்பில் இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஆட்கள் இல்லை. முற்றத்தைக் கூட்டியவர், குவளைகளைக் கொண்டுவந்து வைத்தவர், அந்த வீட்டில் முன்பு வாழ்ந்தவர் எவருமே இல்லை. அடுத்தது சொற்கள். எல்லாக் கையேடுகளிலும் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: குகை, தனிமை, காட்சி.

குகை என்பதை ஏதோ ஆதிமனிதனின் உறைவிடம் போல இவை எழுதுகின்றன. உண்மை வேறு. சுமார் 3,600 வருடங்களுக்கு முன் வெடித்த எரிமலை இத்தீவின் நடுப்பகுதியைக் கடலுக்குள் இறக்கி, மிஞ்சிய விளிம்பைச் சாம்பல் படையால் மூடியது. மரம் அரிதான தீவு. வசதியற்றவர்கள் அந்தச் சாம்பல் படையைக் குடைந்து, முன்புறம் ஒடுங்கி உள்ளே நீண்டுபோகும் வீடுகளை அமைத்தார்கள். கோடையில் குளிர்ச்சி, மாரியில் கதகதப்பு. ஓயா என்று எழுதி ஈயா என்று சொல்லப்படும் ஊரில், கப்பல் தலைவர்களின் மாடமாளிகைகள் மேலே சமதரையில் இருந்தன. அவர்களிடம் வேலை செய்த மாலுமிகளின் குடும்பங்கள் கீழே சரிவில், குடைந்த வீடுகளில் இருந்தன. இன்று அதிக விலை போவது அந்தச் சரிவுதான்.

1956 ஜூலை 9இல் பெரும் பூகம்பம் ஒன்று வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏராளமான வீடுகள் இடிந்தன. சனம் ஏதென்சுக்கும் வேறு இடங்களுக்கும் போனது. 1970களில் கிரேக்க தேசிய சுற்றுலா நிறுவனம் ஓயாவில் வெறுமையாய்க் கிடந்த வீடுகள் சிலவற்றைத் திருத்தி விருந்தினர் இல்லங்களாக்கியது. இன்றைய குகை அறைகளுக்கு வழிகாட்டியது அதுதான். கையேடுகளில் எரிமலைக்கு இடமுண்டு. 1956க்கு இடமில்லை.

இதை நாம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, அதுவரை பேசாமல் இருந்த நண்பரின் துணைவியார் ஒரு படத்தைத் தூக்கிப் பார்த்தார். "உதென்ன, பங்கர் மாதிரிக் கிடக்கு. பங்கருக்கை படுக்க ஆராவது காசு குடுப்பினமோ?" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இதுக்கை இருந்த சனம் இப்ப எங்கை?" என்றும் கேட்டார். நூறு பக்கக் கையேட்டில் இதற்குப் பதில் இல்லை.

அந்த அக்கா காங்கேசன்துறைப் பக்கம். 1990இல் உடுத்த உடையோடு வெளிக்கிட்டவர். உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட அந்தக் கடற்கரையில் யுத்தம் முடிந்தபின் விடுமுறை விடுதி ஒன்று எழும்பியது. காணிக்காரர் பலர் முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் இருந்தபோதே அங்கே ஆட்கள் வந்து தங்கிக் கடல் பார்த்தார்கள். இரண்டையும் ஒன்றென்று சொல்வது அபத்தம். சந்தொரினிக்காரரை விரட்டியது நிலநடுக்கம், அவர்களுக்குத் திரும்பிப் போகத் தடை இருக்கவில்லை, பலர் திரும்பினார்கள். அழியவிருந்த ஊரை உயிர்ப்பித்ததும் இந்த விடுதிகள்தான். பாட்டனார் குடைந்த வீட்டைப் பேரன் நடத்தும் இடங்களும் உண்டு. ஆனால் வெறுமையான வீட்டை அழகென்று மட்டும் பார்க்க நம்மால் முடியாது.

இரண்டாவது சொல் தனிமை. 'உங்களுக்கு மட்டுமேயான தடாகம்' என்கிறார்கள். ஓயாவின் வீடுகள் படிப்படியாகச் சரிவில் இறங்குபவை. ஒரு வீட்டின் கூரை மற்ற வீட்டின் முற்றம். மேலே ஒழுங்கையில் அந்திச் சூரியனைப் பார்க்கக் கூடி நிற்கும் கூட்டத்துக்கு உங்கள் தடாகம் நன்றாகத் தெரியும். 15,000 பேரளவில் வாழும் தீவுக்கு வருடத்துக்கு முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். உல்லாசக் கப்பல்களில் வருவோரை 2025 முதல் நாளொன்றுக்கு 8,000 என்று மட்டுப்படுத்தவேண்டி வந்தது. அந்தக் கோடையிலிருந்து கூட்டம் மிகுந்த மாதங்களில் அவர்களிடம் தலைக்கு 20 யூரோ அறவிடுகிறார்கள். இங்கே தனிமை என்பது விலையில் மட்டுமே இருக்கிறது.

தடாகத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஊற்றுக்கள் மிகக் குறைந்த தீவு அது. மழைநீரை வீட்டுக்கு வீடு தொட்டிகளில் சேர்த்துச் சிக்கனமாக வாழ்ந்த சனம். இப்போது கடல்நீரைச் சுத்திகரிக்கிறார்கள். 2025 பெப்ரவரியில் பூமி நாட்கணக்காக நடுங்கி, 11,000 பேருக்கு மேல் கப்பலிலும் விமானத்திலும் வெளியேறியபோது, அதிகாரிகள் கேட்டுக்கொண்டவற்றில் ஒன்று தடாகங்களை வெறுமையாக்குங்கள் என்பது. நடுக்கத்தில் அந்தத் தண்ணீரின் பாரம் கட்டிடத்துக்கு ஆபத்து. அட்டைப்படத்தின் நாயகனைத்தான் முதலில் அகற்றவேண்டியிருந்தது.

மூன்றாவது சொல் காட்சி. காட்சி உண்மையில் பெரிதுதான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செங்குத்துப் பாறை கடலிலிருந்து முந்நூறு மீற்றர் வரை உயர்ந்தது. அங்கே அறை எடுப்பவருக்குக் கீழே மணற்கரை கிடையாது. குளிக்கவென்றால் தீவின் மறுபக்கம், கருமணல் கரைகளான கமாரிக்கோ பெரிசாவுக்கோ போகவேண்டும். படிகள் ஏராளம். முழங்கால் நோகிறவர்களுக்கு இதைக் கையேடு சொல்வதில்லை. நட்சத்திரங்களும் வசதிகளைத்தான் எண்ணுகின்றன. ஐந்து நட்சத்திரத்துக்கு 2025 முதல் ஏப்ரல் தொடக்கம் ஒக்ரோபர் வரை அரசு அறவிடும் காலநிலைக் கட்டணம் அறைக்கு ஓர் இரவுக்கு 15 யூரோ. அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

ஆக, ஹொட்டேல் தெரிவது எப்படி? எமது சிபார்சு மூன்று கேள்விகள். இந்த வீடு முன்பு என்னவாக இருந்தது? இப்போது யாருடையது? இங்கே வேலை செய்பவர்கள் எங்கே படுக்கிறார்கள்? மூன்றாவது சின்னக் கேள்வியல்ல. வாடகைக்கு வீடு கிடைக்காமல் இத்தீவில் ஆசிரியர்களும் வைத்தியர்களும் அல்லற்படுவது கிரேக்கப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் செய்தி. புலம்பெயர்ந்து வந்த புதிதில் ஹொட்டேல் குசினிகளில் கோப்பை கழுவி, ஓர் அறையில் எட்டுப் பேர் படுத்தெழும்பிய நாம் இதைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது? மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்லும் இடம் மூன்று நட்சத்திரம் என்றாலும் அதுவே நல்ல ஹொட்டேல்.

பிள்ளைகளுக்கு எம்மில் கோபம். ஒரு பரிசைக் கூட நிம்மதியாக வாங்கவிடமாட்டீர்கள் என்கிறார்கள். அதிலும் நியாயமிருக்கிறது, இவ்வளவு காலம் உழைத்துத் தேய்ந்த தாய் நான்கு நாள் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கட்டும் என்பது அவர்கள் ஆசை. அக்காவும் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. கையேடுகளை அடுக்கி ஒருபக்கம் வைத்துவிட்டு, "போறதெண்டா கடல் காலிலை படுகிற இடமாப் பாருங்கோ. மேலை இருந்து பாக்கிறதுக்கு உவ்வளவு காசு வேண்டாம்" என்றார். கமாரிப் பக்கம் அறை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.